கேட்டிருக்காங்களே

எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். முதல் வருடம் முடியும்வரை அவள் குரல் எப்படி இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. வருகைப்பதிவு எடுக்கும்போது கையை மட்டும் தூக்குவாள். கேன்டீனில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சமோசாவை விரலால் காட்டுவாள். பஸ்ஸில் யாராவது காலை மிதித்துவிட்டால் மெதுவாகக் காலை உருவிக்கொண்டு, தப்பு தன்னுடையது என்பதுபோல மிதித்தவரைப் பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். நானோ வாய் மூடாதவள். கல்லூரியில் எந்த விழா என்றாலும் மைக்கை என் கையில்தான் கொடுப்பார்கள். ‘இவ தூங்குனாத்தான் ஊடு ஊடா இருக்கும்’ என்பாள் என் அம்மா.

கல்லூரி வேலப்பன்சாவடியில், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. நான் அம்பத்தூரிலிருந்து போவேன், அவள் பூந்தமல்லியிலிருந்து வருவாள். அவளுடைய அத்தா (அப்பாவை அவள் அப்படித்தான் சொல்வாள்) அங்கே பஞ்சு மெத்தைக் கடை வைத்திருந்தார். வீடு கடைக்கு மேல்மாடியில். தினமும் அவள் துப்பட்டாவில் எங்காவது ஒரு துளி பஞ்சு ஒட்டியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்த நான் அதை எடுத்து ஊதிவிடுவேன். எங்கள் சிநேகிதம் அப்படித்தான் ஆரம்பித்தது. ஆனாலும் வெகுநாள்வரை என்னை ‘நீங்க’ என்றுதான் சொன்னாள், அதையும் காதோடு காதாக.

இரண்டாம் வருடம் அவளுக்கு ஒரு போன் வந்தது. பரீட்சைத் தேதியிலிருந்து பஸ் வராத சேதிவரை கல்லூரியில் எல்லாமே வாட்ஸ்அப் குழுவில்தான் என்று ஆகிவிட்டதால் அவள் அத்தா வேறு வழியில்லாமல் வாங்கிக் கொடுத்தார். முகம் தெரிகிற படம் போடக்கூடாது என்பது அவர் நிபந்தனை. அவள் ஒரு தலையணையின் படத்தைப் போட்டாள். கடையில் எடுத்தது. புதுத் தலையணை, உறைகூடப் போடாதது. வகுப்பே சிரித்தது.

குழுக்களில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம், கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகலாம், விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மையைப் போட்டுவிட்டு உம்மென்று உட்கார்ந்திருக்கலாம் என்பதெல்லாம் எங்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. அதனால் ஒரு மனிதர் எதிரே நின்று கேட்டால் எப்படியோ, அங்கேயும் அப்படியே இருந்தாள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த சட்டம்.

அவள் பேருக்குக் கீழே ‘டைப்பிங்’ என்று வந்தால் நாங்கள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அவ்வளவு நேரம் யோசித்து, எழுதி, அழித்து, கடைசியில் ‘சரி’ என்று ஒரு வார்த்தை வந்து விழும். ஒருமுறை யாரோ, ‘மூன்றாவது யூனிட் நோட்ஸ் யாரிடமாவது இருக்கிறதா?’ என்று கேட்டிருந்தார்கள். பரீட்சை முடிந்து, எல்லோரும் அதை மறந்தும் போன பிறகு, அழகாகப் படம் பிடித்த நோட்ஸ் அவளிடமிருந்து வந்தது. ‘முழுசா எழுதி முடிக்க நேரமாயிடுச்சு, மன்னிக்கணும்’ என்ற குறிப்போடு.

“எக்ஸாமே முடிஞ்சிடுச்சேடி,” என்றேன்.

“கேட்டிருந்தாங்களே,” என்றாள்.

இன்ஸ்டாகிராம் கணக்கை நான்தான் திறந்து கொடுத்தேன். அன்றைக்கே எவனோ ஒருவன் ‘ஹாய்’ என்று அனுப்பினான். நான் பிடுங்கி அழிப்பதற்குள், ‘வணக்கம். நீங்கள் யார்? எதற்காக என்னைத் தேடினீர்கள்? என்னால் ஆகக்கூடியது ஏதாவது இருக்கிறதா?’ என்று பதில் போட்டுவிட்டாள். அவன் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூட இரண்டு நாள் சுற்றியிருப்பான்.

ஆனால் நான் அவளைப் பார்த்து முதல்முறை வாயடைத்துப் போனது பார்வர்டு மெசேஜ்கள் விஷயத்தில். காணாமல் போன குழந்தை, கிழிந்த பையோடு கிடைத்த சான்றிதழ், அவசரமாக ரத்தம் தேவை. இப்படி எத்தனை வரும்? கண்ணால் பார்ப்போம், நல்லது செய்த திருப்தியோடு இன்னும் நாலு குழுவுக்குத் தள்ளிவிடுவோம். அவள் தள்ளிவிடவில்லை. அதிலிருக்கும் எண்ணைக் கூப்பிட்டாள்.

வாய் திறந்து சமோசா கேட்க முடியாதவள்! மாடிப்படிக்குக் கீழே சுவரைப் பார்த்து நின்றுகொள்வாள். சொல்ல வேண்டியதை உதட்டுக்குள்ளேயே சில தடவை சொல்லிப் பார்ப்பாள். துப்பட்டா முனையை விரலில் சுற்றிக்கொண்டு எண்ணை அழுத்துவாள். பேசி முடித்ததும் முகமெல்லாம் வேர்த்திருக்கும். அப்புறம் குழுவில் அவள் செய்தி வரும்: ‘அந்தக் குழந்தை அன்றைக்கே கிடைத்துவிட்டதாம். இப்போது பத்தாவது எழுதப்போகிறானாம்.’

குழுவில் சிரிப்பு அள்ளும். எங்கள் வகுப்பில் பார்வர்டு மன்னன் சதீஷ். ஆவடிப் பையன். விடிந்தால் அவனிடமிருந்துதான் ஊர்ச் செய்தி எல்லாம் வரும். “இன்னா மாமே, நீ வாட்ஸ்அப்புக்கே போலீசு வேல பாக்குற,” என்பான் அவளிடம். அவள் தரையைப் பார்த்துச் சிரிப்பாள்.

“பயமா இல்லையா உனக்கு?” என்று கேட்டேன் ஒருநாள்.

“இருக்குங்க.”

“அப்புறம் எதுக்குக் கூப்பிடுற?”

“கேட்டிருக்காங்களே,” என்றாள் மறுபடியும். இத்தனை பேர் கையில் ஒரு கேள்வி சுற்றிக்கொண்டிருக்க, ஒருத்தர்கூடப் பதில் சொல்லாமல் எப்படி இருக்க முடிகிறது என்பது உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை.

அப்படித்தான் ஒருநாள் சதீஷ் அனுப்பிய மெசேஜ் வந்தது. பிரசவத்துக்காக ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே தேவை, கீழே ஓர் எண். அன்றைக்கு அவளுக்கு என்னவோ தைரியம் வரவில்லை. என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டாள்.

“வணக்கங்க. ரத்தம் வேணும்னு மெசேஜ் பாத்தேன். இன்னும் வேணுமா?”

அந்தப் பக்கம் வண்டி ஓடும் சத்தம். பிறகு வண்டியை ஓரம் கட்டி நிறுத்தும் சத்தம்.

“எந்தூரும்மா நீ?”

“பூந்தமல்லிங்க.”

“அது பழசும்மா. ரத்தம் கெட்ச்சிது. வந்து சேர்றதுக்குள்ள அவ போய்ட்டா. கொழந்த பொழச்சிகிச்சு. இப்ப யூகேஜி போவுது.”

நானாக இருந்தால் ‘சாரிண்ணா’ என்று சொல்லிவிட்டு வைத்திருப்பேன். அவள் வைக்கவில்லை. ஒன்றும் பேசவும் இல்லை. சும்மா காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். அந்த மௌனத்தில் என்ன இருந்ததோ, அவர் தானாகவே பேசினார்.

“தப்பா எட்த்துக்காதம்மா. நீங்கள்லாம் நல்ல மன்சோடதான் கேக்குறீங்க. வருசம் ஆச்சு, இன்னும் கால் வந்துகினேகீது. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பாப்பா இப்ப போன எடுக்கக் கத்துகிச்சு. நேத்து எவரோ அதுங்கிட்ட, அம்மாக்கு ரத்தம் கெட்ச்சிதான்னு கேட்டுகீறாரு. அது என்னாண்ட வந்து, ‘அம்மாக்கு யாருமே ரத்தம் தரலியா நைனா’ன்னு கேக்குது. நான் இன்னா சொல்லட்டும்?”

“நம்பரை மாத்திடலாமே அண்ணா,” என்று நான் குறுக்கே புகுந்தேன். இது மாதிரி யோசனையெல்லாம் எனக்குச் சட்டென்று வரும்.

“பாடியாண்ட லோடு வண்டி ஓட்றேம்மா. வண்டி முதுவுல இந்த நம்பர்தான் எய்திகீது. கம்பெனிங்க எல்லாத்துலயும் இதான். இத்த மாத்திட்டா சோத்துக்கு இன்னா பண்றது?”

அவள் அப்போதுதான் பேசினாள். “நான் பாத்துக்கறேங்க,” என்றாள்.

என்ன பார்த்துக்கொள்வாள்? எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. ஊர் முழுக்கச் சுற்றும் ஒரு மெசேஜை இவள் எப்படி நிறுத்துவாள்? ஆனால் அந்தக் குழந்தை கேட்ட கேள்வி அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அடுத்தமுறை அந்தப் போன் அடிக்கும்போது குழந்தை கையில் இருக்கக்கூடாது, அல்லது போன் அடிக்கவே கூடாது. அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

முதலில் குழுவில் எழுதினாள். எல்லோரும் கும்பிடும் கைகளைப் போட்டார்கள். அடுத்த வாரமே அதே மெசேஜ் அதே குழுவில் வேறொருவனிடமிருந்து வந்தது. பிறகு, யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று பின்னோக்கிப் போனாள். சதீஷுக்கு அவன் மாமா அனுப்பியிருந்தார். மாமாவைக் கூப்பிட்டாள். அவருக்குக் கோயில் குழுவில் வந்ததாம். கோயில் குழுக்காரரைக் கூப்பிட்டாள். அவருக்கு அலுவலகத்தில் யாரோ அனுப்பினார்களாம். ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் அதே சுவர், அதே துப்பட்டா முனை. ஒருவர் நன்றாகப் பேசினார். ஒருவர் எரிந்து விழுந்தார். இன்னொருவர், ‘நீ யாரு கேக்கறதுக்கு?’ என்றார். ‘யாரும் இல்லைங்க, இனிமே அனுப்ப வேணாம்னு சொல்லத்தான்’ என்றாள். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் நூறு நூல் வந்தது.

கடைசியில் வழி சொன்னது சதீஷ்தான். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தோம். “எய்துனா எவனும் பட்க்க மாட்டான் மச்சி. கொரல் போடு. கொரல் கேட்டாத்தான் ஜனம் அனுப்பும். இதோ இவ இருக்கா இல்ல, லவுட் ஸ்பீக்கரு, இவள உட்டுப் பேச சொல்லு,” என்று என்னைக் காட்டினான்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினேன். உருக்கமாகத்தான் பேசினேன். போட்டுக் கேட்டால், நகைக்கடைத் திறப்பு விழாவுக்கு அழைப்பதுபோல இருந்தது. சதீஷ் தலையில் அடித்துக்கொண்டான். அவள் என்னிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு, நிறுத்தத்தின் பின்பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“வணக்கங்க. பிரசவத்துக்கு ரத்தம் வேணும்னு ஒரு மெசேஜ் உங்களுக்கு வந்திருக்கும். அது பழசுங்க. அந்த அம்மா இப்போ இல்ல. குழந்தை நல்லா இருக்கா, யூகேஜி படிக்கிறா. அந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க, சில சமயம் குழந்தை எடுக்குது. உங்களுக்குக் கேக்கணும்னு தோணிச்சின்னா என்னைக் கேளுங்க. நான் சொல்றேன்.”

நடுவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் நிறுத்தவில்லை. கடைசியில் தன்னுடைய எண்ணை ஒவ்வொரு இலக்கமாக, நிதானமாகச் சொன்னாள். “ஐயோ, நம்பரையா குடுக்கற!” என்று நான் கத்திய கத்தலும் அதில் பதிவாகிவிட்டது.

“பைத்தியமாடி உனக்கு? ஊர்ல இருக்கற பொறுக்கி எல்லாம் கூப்பிடுவான்!”

“அவரைக் கேக்காதீங்கன்னு சொன்னா, வேற யாரைக் கேப்பாங்க?” என்றாள். “கேக்கறவங்களுக்கு ஒருத்தர் பதில் சொல்லணும் இல்ல?”

சதீஷ் அங்கேயே நின்று, தான் இருந்த அத்தனை குழுக்களுக்கும் அதை அனுப்பினான். அவன் பார்வர்டு செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று இப்போதும் அவனைக் கிண்டல் செய்வேன்.

குரல் ஊருக்குள் போய்விட்டது. போனது எப்படிப் போனது என்கிறீர்கள்! இரண்டு நாளில் அம்பத்தூரில் என் அம்மாவின் குழுவில் வந்தது. அடுத்த நாள் எங்கள் துறைத்தலைவர் வகுப்புக்குள் வந்து, தன் போனில் அதைப் போட்டுக் காட்டினார். “நம்ம காலேஜ் பொண்ணுன்னு சொல்றாங்க. யாருடைய குரல் இது?” என்றார். சதீஷையும் என்னையும் தவிர வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில் ஒரு கை மெதுவாக மேலே போனது.

அழைப்புகள் வர ஆரம்பித்தன. நான் பயந்த மாதிரியும் வந்தன, அதை மறைப்பதற்கில்லை. ‘வாய்ஸ் சூப்பரா இருக்கு’ என்று குழைபவனிடமும், “ரத்தம் இப்போ வேணாங்க, கேட்டதுக்கு நன்றி,” என்று சொல்லி வைத்துவிடுவாள். அவன் எதைக் கேட்டாலும் அவளிடம் இருந்த பதில் அது ஒன்றுதான். வேறு எதையும் அவள் எடுத்துக்கொள்ளவே இல்லை. அடுத்த வாரம் பாடியிலிருந்து அந்த லோடு வண்டிக்காரர் கூப்பிட்டார். “போனு அடங்கிச்சும்மா,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

விஷயம் அவள் அத்தா காதுக்குப் போகாமல் இருக்குமா? மசூதியில் யாரோ அவரிடமே அந்தக் குரலைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவள் இரண்டு நாள் கல்லூரிக்கு வரவில்லை. போனைப் பிடுங்கியாயிற்று, படிப்பும் நிற்கப் போகிறது என்று மூன்றாம் மனிதர் மூலம் தெரிந்தது. நான் பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போனேன். வழியெல்லாம் என்னென்னவோ வாதங்களைத் தயார் செய்துகொண்டேன்.

கடையில் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. அவர் மெத்தை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். அவள் மாடிப்படி வாசலில் நின்றிருந்தாள். பணப்பெட்டிமேல் அவள் போன் இருந்தது.

“நீ சிநேகிதியாம்மா? நீயே சொல்லு. பொட்டப்புள்ள நம்பரை ஊருக்கே சொல்றதா?” என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “இவ வீட்ல எங்ககிட்டயே பேச மாட்டா. யார் யார்கிட்டயோ பேசறாளாம். நம்பரை மாத்தப் போறேன். இன்னிக்கே.”

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவர் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, தானே எடுத்து, எப்படியோ ஸ்பீக்கரையும் அழுத்திவிட்டார்.

“அக்கா, நான் காட்பாடில இருந்து பேசறேன்க்கா. மெசேஜ் இப்பத்தான் வந்துச்சு. பழசுன்னு நீங்க சொல்றீங்க, ஆனா ஒருவேளை இப்பவும் வேணும்னா சொல்லுங்கக்கா. நான் ஓ நெகட்டிவ்தான். ஸ்டேஷன்லதான் நிக்கறேன். வண்டி வருது, ஏறட்டுமா?”

அத்தா போனையே பார்த்துக்கொண்டு நின்றார். மகளைப் பார்த்தார். அந்தப் பையன், “அக்கா? ஏறட்டுமாக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பின்னால் ரயில் வரும் சத்தம் கேட்டது.

“வேணாம் தம்பி,” என்றார் அத்தா. “ரத்தம் இப்ப வேணாம்ப்பா. நீ நல்லா இருக்கணும். அல்லாஹ் உனக்கு பரக்கத் செய்யட்டும். வீட்டுக்குப் போ.”

போனைத் தன் சட்டையில் துடைத்தார். படியருகே போய் மகள் கையில் கொடுத்தார். “சார்ஜ் கம்மியா இருக்கு,” என்றார். திரும்பி வந்து ஊசியை எடுத்துக்கொண்டார். நான் தயார் செய்துகொண்டு போன வாதங்களில் ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. ஒரு பையன் முன்பின் தெரியாத ஓர் உயிருக்காக ரயில் ஏறத் தயாராக நிற்கிறான். அப்படி எத்தனை பேர் இத்தனை வருடமாக அந்த லோடு வண்டிக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்! நாங்கள் தொல்லை என்று நினைத்ததெல்லாம் அதுதான். அவளுக்கு அது முதல் நாளிலேயே தெரிந்திருந்தது என்று நினைக்கும்போது, இன்றைக்கும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

படிப்பு முடிந்து ஆளுக்கொரு பக்கம் போனோம். அவளுக்குக் கல்யாணமாகி வேலூர்ப் பக்கம் போனதாகக் கேள்வி. அந்த எண் இருந்த என் போன் மின்சார ரயிலில் தொலைந்தது. சதீஷிடமும் எண் இல்லை. தலையணைப் படம் போட்ட ஆளை இன்ஸ்டாகிராமில் எங்கே போய்த் தேடுவது? நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கால் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். பேசுவதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.

போன மாதம் எங்கள் குடியிருப்புக் குழுவில், மூன்றாம் மாடி மாமி ஒரு பழைய ரத்த மெசேஜை அனுப்பியிருந்தார். அதன் கீழேயே ஒரு குரல் பதிவும் இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் அழுத்தினேன்.

“வணக்கங்க. பிரசவத்துக்கு ரத்தம் வேணும்னு...”

நடுவில் லாரி ஹாரன். கடைசியில், பத்தொன்பது வயதில் நான் கத்திய கத்தல்.

கேட்டு முடித்ததும் அந்த எண்ணை அழுத்தினேன். இத்தனை வருடம் கழித்து இருக்காது என்றுதான் நினைத்தேன். மணி அடித்தது. எடுத்தாள்.

“வணக்கங்க. ரத்தம் பத்தித்தானே? இப்போ வேணாங்க. அந்த அம்மா இல்ல. குழந்தை நல்லா இருக்கா, ஏழாவது படிக்கிறா. நீங்க கேட்டதை அவங்க நைனாகிட்ட சொல்லிடறேன். நன்றிங்க.”

ஏழாவது. பதிவில் யூகேஜி என்று இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் பள்ளி திறந்ததும் பதிலை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறாள்.

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு சொல் வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் ‘ஹலோ, ஹலோ’ என்று இரண்டு தடவை கத்திவிட்டு வைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

“பரவாயில்லங்க, மெதுவா சொல்லுங்க,” என்றாள். “நான் லைன்லதான் இருக்கேன்.”